கைத்தாங்கல் இசைத்தட்டும் தைலம்மாளும்

பக்கவாதம் வந்து படுத்துவிட்டவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். வைக்காவிட்டால் முதுகில் புண் வரும். புண் வந்துவிட்டால் வாதம் விட்டுவைத்த ஆளைப் புண் கொண்டுபோய்விடும். கடலூர்ப் புதுநகரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்து, பிறகு நர்ஸ் வேலைக்குப் பழகிய தைலம்மாளுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட முதல் பாடம் இதுதான். புரட்டும்போது பாட வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அவளாகச் சேர்த்துக்கொண்டது.

அவள் கிள்ளையில் படகுக்காரர் வீட்டில் பிறந்தவள். சேற்றில் செருகிக்கொண்ட படகைத் தள்ளும்போது எல்லாருடைய தோளும் ஒரே நொடியில் சேர வேண்டும். அதற்கு ஒருவர் குரல் கொடுப்பார். ஆஸ்பத்திரியில் கனத்த ஆளை இரண்டு பெண்கள் தூக்கும்போதும் கதை அதுதான். ஒருத்தி முந்திக்கொண்டால் அவள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆகவே படகுக் குரலை வார்டுக்குக் கொண்டுவந்தாள். சொற்களை மட்டும் மாற்றிக்கொண்டாள். "கை குடு, தோள் குடு, மூச்ச விடு, மெல்ல விடு, திரும்பு ராசா." தோட்டியானாலும் தாசில்தாரானாலும் படுக்கையில் விழுந்துவிட்டால் அவளுக்கு ராசாதான். கஞ்சி ஊட்டும்போதும் பாட்டுத்தான். நோயாளி விழுங்கும்வரை, மூச்சை வெளியே விடும்வரை, பாட்டு நின்று காத்திருக்கும். அவர் முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பதினாறு வயதில் கட்டிக்கொடுத்தார்கள். கட்டியவன் பிழைப்புக்கென்று தெற்கே போனவன் திரும்பவில்லை. அவளும் தேடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நர்ஸுகள் தங்கும் கட்டடத்தில் ஒரு கட்டிலும் ஒரு அலமாரியும் அவளுக்கு உண்டு. கிள்ளையில் அப்பா வீடு தம்பி பெண்டாட்டியின் வீடாகிவிட்டது. அந்தக் கட்டிலை விட்டால் தலை சாய்க்க வேறு இடம் கிடையாது.

அறுபத்தைந்தாம் ஆண்டு, கடலூர் முதுநகரில் நைனா முகம்மதுக்கு வாதம் அடித்தது. பினாங்கில் கடை வைத்துச் சம்பாதித்து, துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி மாடிவீடு கட்டியவர். வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன; புத்தி அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தைலம்மாளை அந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். பகலெல்லாம் அங்கே, இரவு திரும்பி வந்து வார்டில் கொஞ்ச நேரம் வேலை, பிறகு தன் கட்டில்.

அந்த வீட்டில் மகன் ஒருவன் இருந்தான், அப்துல் வதூது. பினாங்குக் கடையில் உட்காரச் சொன்னால் உட்காராதவன். அங்கிருந்து அவன் கொண்டுவந்தது ஒரு டேப் ரிகார்டர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கும் பிச்சாவரத்துக்கும் போய், துடுப்பு தண்ணீரில் இறங்கும் சத்தம், நண்டு வலை இழுக்கும் சத்தம் என்று பிடித்துக்கொண்டு வருவான். தாய் சைனம்பு, சம்பாத்தியம் பண்ண வேண்டிய வயதில் பிள்ளை சத்தம் பொறுக்கிக்கொண்டு திரிகிறான் என்று வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொல்லி ஆற்றிக்கொள்வாள்.

ஒரு நாள் தைலம்மாள் பெரியவரைப் புரட்டிக்கொண்டிருந்தபோது வதூது வாசற்படியில் உட்கார்ந்து கேட்டான். மறுநாள் பெட்டியோடு வந்தான். மைக்கைக் கட்டில் காலில் கட்டினான். கட்டிலின் இந்தப் பக்கம் இடைஞ்சல் இல்லாமல் இருந்தால் போதும் என்று மட்டும் சொன்னாள்.

பல வாரம் பிடித்தான். பிறகு அவள் குரலோடு துடுப்புச் சத்தத்தையும் ஆர்மோனியத்தையும் புல்புல்தாராவையும் சேர்த்தான். சில இடத்தில் டேப்பை மெதுவாக ஓடவிட்டு, அவள் குரலை ஆண்குரல் போலக் கனக்கவைத்தான். பெரியவர் ஒரு கரண்டிக் கஞ்சியை விழுங்க அவள் காத்திருக்கும் மௌனத்தை அப்படியே வைத்ததோடு, டேப்பை வெட்டி ஒட்டி அதை நீட்டவும் செய்தான். ஒரு வெற்றிலையைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டு, மென்று முடிக்கும் நேரம் வரை அந்த இடத்தில் எதுவுமே கேட்காது. ஊன்றிக் கேட்டால் எங்கோ ஒரு துடுப்பு தட்டும். மெட்ராசுக்குப் போய்ச் சொந்தச் செலவில் அதை எல்.பி. தட்டாக அடித்துக்கொண்டு வந்தான். 'கைத்தாங்கல்' என்று பெயர் வைத்தான்.

அவள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "எம் பேரப் போடாதீங்க தம்பி. வெளிய பாடறேன்னு தெரிஞ்சா ஆஸ்பத்திரியில வெச்சிக்க மாட்டாங்க. கட்டிலு போயிடும்."

வதூது அப்படியே செய்தான். அட்டையில் ஆர்மோனியக்காரர் பெயர் இருந்தது, புல்புல்தாராக்காரர் பெயர் இருந்தது. பாடியவர் பெயர் இல்லை.

முதல் விமர்சனம் மெட்ராஸ் வாரப்பத்திரிகை ஒன்றில் வந்தது. பந்தி முடிந்து இலை எடுக்கும் சத்தத்தைக்கூட இனிக் கச்சேரி என்பார்கள் போலும் என்று ஆரம்பித்து, போகப் போகச் சூடு ஏறி, ஒரு பெண்பிள்ளை ஆண்பிள்ளையைக் கை கொடு, தோள் கொடு, திரும்பு ராசா என்று கூப்பிடுவதைத் தட்டில் அடித்து விற்பது ஆபாசம் என்று முடித்திருந்தார்கள். வதூது இரண்டு நாள் சாப்பிடவில்லை. தைலம்மாள் அதைப் பெரியவரின் கட்டிலோரம் நின்று வாசித்தாள். வாசித்துவிட்டு மடித்து, பவுடர் டப்பாவுக்கு அடியில் வைத்தாள். ஆபாசம் என்று எழுதியவர் படுக்கையில் விழுந்ததில்லை என்று தெரிந்தது. விழும்போது தெரிந்துகொள்வார், அவசரமில்லை. ஆனால் அந்தச் சொல்லால் விஷயம் கனத்துவிட்டது என்பதும் அவளுக்குப் புரிந்தது. வெறும் பாட்டு என்றால் ஆஸ்பத்திரி மேட்ரன் திட்டுவதோடு விட்டுவிடலாம். ஆபாசப் பாட்டு என்றால் விட மாட்டார்.

இரண்டாவது விமர்சனம் சிதம்பரத்திலிருந்து. அங்கே கண்ணாயிரம் என்று ஒருவர் சிறுபத்திரிகை நடத்திவந்தார். ராசா என்பது ஜீவன், கட்டில் என்பது உலகம், திரும்பு என்பது மெய்ஞ்ஞானத்தின் அழைப்பு, நடுவில் வரும் மௌனம் சிதம்பர ரகசியமேதான் என்று ஆறு பக்கம் எழுதினார். குரல் முதிய சாமியார் ஒருவருடையதாக இருக்க வேண்டும் என்பது அவர் ஊகம். வதூதுக்கு உயிர் வந்தது. கீழவீதியில் ஒரு லாட்ஜ் மாடியில் தட்டைப் போட்டுக் கேட்டு விவாதிக்கக் கூட்டம் என்று கடிதம் வந்ததும், தைலம்மாளையும் வரச்சொல்லிக் கெஞ்சினான். அன்று அவளுக்கு லீவு. நடராஜரைப் பார்த்தும் நாளாகிவிட்டது. கோயிலுக்குப் போய்விட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். தன் தகப்பனாரைப் பார்த்துக்கொள்கிற நர்ஸம்மா என்று வதூது சொன்னான். அது பொய்யில்லை.

இரண்டு பக்கமும் போட்டுக் கேட்டார்கள். ஒருவர் தூங்கிவிட்டார். சங்கீதம் கற்றவர் ஒருவர், தாளம் எதிலும் நிற்கவில்லை, இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று எழுந்து போனார். கல்லூரி வாத்தியார் சடையப்பன் மட்டும் கடைசிவரை கண்ணை மூடாமல் கேட்டார். அவருக்கு இது பிடிக்கவில்லை. சாமியாரும் இல்லை, ஆபாசமும் இல்லை, இது ஒரு பெண்ணின் குரல், அதில் அன்பே கிடையாது என்றார். "இந்தம்மாவுக்குக் கேக்கறவங்க மேல ஒரு அக்கறையும் இல்ல. வேல முடியணும், அவ்வளவுதான்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. தைலம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அதுவரை வந்ததில் அதுதான் சரியான விமர்சனம் என்று அவளுக்குப் பட்டது. பாடுகிறபோது அவள் நினைப்பு முழுவதும் இடுப்பெலும்பு அழுந்தாமல் ஆள் புரள வேண்டும் என்பதில்தான் இருக்கும். கேட்கிறவர்களைப் பற்றி நினைக்க அங்கே யாருக்கு நேரம்?

கண்ணாயிரம் மரியாதையாக அவள் பக்கம் திரும்பி, கேட்டதில் ஏதாவது விளங்கிற்றா என்று விசாரித்தார்.

"வெளங்குச்சிங்க," என்றாள். "ஒரு ஆளத் திருப்பிப் போடறாங்க."

கண்ணாயிரம் கைதட்டிவிட்டார். அடுத்த இதழில், சாதாரணப் பெண்மணி ஒருவர்கூட இந்தத் தத்துவத்தை ஒரே வரியில் பிடித்துவிட்டார் என்று கட்டம் கட்டிப் போட்டார். தான் எழுதியதில் ஒரு வரியை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

கடலூர் முதுநகரில் விமர்சனம் வேறு மாதிரி நடந்தது. பஸ் நிலையத்து டீக்கடையில் சாமிக்கண்ணு தட்டைப் போட்டுப் பார்த்தான். மைக்செட் வைத்து வாடகைக்கு விடுகிறவன் அவன், வதூதுக்குச் சிநேகிதன். முதல் பக்கம் முடிவதற்குள் கடைக்காரர் நிறுத்தச் சொல்லிவிட்டார். டீ ஆறிப்போகிறது, உட்கார்ந்தவன் ஒருவனும் இரண்டாவது டீ கேட்கவில்லை என்பது அவர் புகார். ஆனால் அந்த ஒரு பக்கத்தைக் கேட்ட பஸ்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கிளம்பாத வண்டியைத் தள்ளும்போது, கண்டக்டர் கை குடு என்பார், தள்ளுகிறவர்கள் தோள் குடு என்பார்கள். துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர்களிடமும் அது தொற்றிக்கொண்டது. தட்டு என்னவோ விற்கவில்லை.

"மச்சான், ஒம் பாட்டு ஊரெல்லாம் ஓடுது. தட்டுதான் ஓடல," என்றான் சாமிக்கண்ணு.

பாடியது யார் என்று ஒன்றரை வருஷம் போல யாருக்கும் தெரியாமல் ஓடிற்று. வதூதின் தங்கை ஆரிபாவின் நிக்காஹ் அன்று அது முடிந்தது.

மாப்பிள்ளை வீட்டார் சிதம்பரம். சம்பந்தி ஜமாலுதீன் கறாரான மனிதர். தெரு முழுக்கப் பந்தல். இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களைத் தென்னையில் கட்டியிருந்தான் சாமிக்கண்ணு. நிக்காஹ் முடிந்து சாப்பாடு ஆரம்பித்தபோது, தங்கை கல்யாணத்தில்கூடத் தன் தட்டு ஓடாதா என்று வதூது வந்து நின்றான். சாமிக்கண்ணு முதலில் மறுத்தான். பிறகு, எல்லாரும் சோற்றில் கவனமாக இருக்கிறார்கள், யார் கேட்கப்போகிறார்கள் என்று ஊசியை வைத்தான்.

சஹன் தாம்பாளத்துக்கு நான்கு பேராக உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் உண்மையிலேயே கேட்கவில்லை. பாட்டு நின்றபோதுதான் கேட்டார்கள்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமோ கந்தூரியோ, மைக்செட்டில் தட்டு முடிந்தால் உடனே அடுத்த தட்டு வரும். பாட்டு நடுவில் அறுந்து நின்றால் தெருவில் ஒரு மவுத்து, ஒரு சாவு, என்று அர்த்தம். வேறு எதற்கும் நடுவில் நிறுத்துவதில்லை. கரண்டு போனால்கூட, கரண்டுதான் என்று மைக்செட்காரன் கத்திச் சொல்லிவிடுவான். தெருவில் படுக்கையில் கிடந்தவர் ஒரே ஒருவர்தான். அவரும் கல்யாண வீட்டுக்காரர். தட்டின் அந்த மௌனத்தில், வெற்றிலை மடிக்கும் நேரத்துக்குள்ளாகவே, முதலில் ஒரு சஹனில் கை நின்றது, பிறகு பக்கத்துச் சஹனில், பிறகு பந்தல் முழுக்க. இன்னாலில்லாஹி என்று யாரோ ஓதினார்கள். சமையல்காரர் அடுப்பிலிருந்து விறகை இழுத்தார். பள்ளிவாசலுக்கு, மவுத்தானவரை வைத்துத் தூக்கும் சந்தூக்கை எடுத்துவர இரண்டு பேர் ஓடினார்கள். பெண்கள் பக்கம் செய்தி போய், சைனம்பு இருந்த இடத்திலேயே சரிந்தாள். அவளைச் சுற்றி அழுகை எழுந்தது. சாமிக்கண்ணு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தட்டு சுற்றுகிறது, பாருங்கள், சுற்றுகிறது என்று காட்டிக்கொண்டிருந்தான். பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

உள்ளே தைலம்மாள் பெரியவருக்கு ஒரு கரண்டிக் கஞ்சி கொடுத்துவிட்டு, அவர் விழுங்குவதற்குக் காத்திருந்தாள். குழாய் நின்றதும், அழுகை எழுந்ததும் அவளுக்கும் கேட்டன. என்ன நடந்திருக்கும் என்று புரிந்தது. இருந்த இடத்திலேயே இருந்திருக்கலாம். தட்டு இன்னும் சற்று நேரத்தில் தானாகப் பேசும். கூட்டமும் தானாகத் தெளியும். ஆனால் நைனா முகம்மதின் கண் அகலத் திறந்துவிட்டது. அந்த அழுகை தனக்காக என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தன் மவுத்துக்குத் தானே அழுகை கேட்கும் நோயாளிக்கு விழுங்குவது மறந்துபோகும். வாயிலிருந்த கஞ்சி புரையேறத் தொடங்கியது.

அவரை ஒருக்களித்துப் பிடித்து, வாயைத் துடைத்து, இருமவைத்து, மூச்சு சீரானதும், கையிலிருந்த கிண்ணத்தோடு பெண்கள் இருந்த கூடத்துக்கு வந்தாள். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதைக் கதவு தாண்டும்போதே யோசித்துவிட்டாள். யோசித்துவிட்டுத்தான் திறந்தாள்.

"அழுவறத நிறுத்துங்க. மொதலாளி நல்லா இருக்காரு. கஞ்சி குடிக்கிறாரு. நீங்க போடற சத்தத்துல பொரையேறுது."

அதே நொடியில் தென்னையிலிருந்த குழாய்களும் பேசின. "முழுங்கிட்டியா ராசா? அப்ப இன்னொரு கரண்டி." கூடத்தில் ஒரு குரல், தெருவில் அதே குரல். அழுகை பட்டென்று நின்றது. சைனம்புவுக்கு விசிறிக்கொண்டிருந்த அமீனா பீவி என்ற கிழவி கிண்ணத்தையும் தைலம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏண்டி பொண்ணே, கொழாயில இருக்கறவ நீதானா? பேப்பருல அசிங்கம்னு எழுதுனானே, அந்தப் பாட்டு?"

"மொதல்ல ஆம்பளைங்கள சோறு திங்கச் சொல்லுங்க பாட்டி. ஆறுது," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். மீதிக் கஞ்சி இருந்தது.

சந்தூக் தெருமுனைவரை வந்து திரும்பிப் போயிற்று. ஜமாலுதீன் உள்ளே வந்து பெரியவரின் கையைப் பிடித்துப் பார்த்து, சூடு இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் மறுபடி சஹனுக்கு முன்னால் உட்கார்ந்தார். கல்யாணத்துக்குக் குறைவில்லை. வதூது மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அந்த மாதமே பினாங்குக்குக் கப்பல் ஏற ஒப்புக்கொண்டான். இன்னொரு தட்டும் அடிக்க வேண்டும் என்று அவன் சொல்லிவந்த பேச்சு அதோடு போயிற்று.

முதுநகரிலிருந்து புதுநகருக்குப் பேச்சு போய்ச்சேர ஒரு பஸ் போதும். மேட்ரன் தைலம்மாளைக் கூப்பிட்டனுப்பினார். அவர் பாளையங்கோட்டைக்காரர், கண்டிப்பானவர், கெட்டவரில்லை. கதவைச் சாத்தச் சொன்னார். அந்த மெட்ராஸ் பத்திரிகை மேசைமேல் இருந்தது. ஆஸ்பத்திரி நிர்வாகக் கமிட்டியில் கேட்டுவிட்டார்கள், நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும் என்றார். ஊரில் ஒரு குரலைப் போல ஆயிரம் குரல் இருக்கும் என்றார். கேள்வியையும் பதிலையும் அவரே வைத்துக்கொண்டிருந்தார்.

"அது நீயான்னு நான் கேப்பேன். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் நம்புவேன். கமிட்டியும் நம்பும். போய் உன் வேலையைப் பாரு."

தைலம்மாளுக்குக் கட்டில் ஞாபகம் வந்தது. அலமாரியும் வந்தது. ஒரு வார்த்தைதானே, சொல்லிவிடலாம் என்றும் தோன்றியது. சொன்ன பிறகு என்ன நடக்கும் என்று பார்த்தாள். இரவு ஆண்கள் வார்டில் தொடை எலும்பு முறிந்தவரைப் புரட்ட வேண்டும்.

"இல்லன்னு சொல்லிட்டா அப்புறம் வார்டுல நான் வாயத் தொறக்கக் கூடாதும்மா," என்றாள். "தொறந்தா எல்லாத்துக்கும் தெரிஞ்சிடும். வாயத் தொறக்காம எனக்கு ஆளத் தூக்க வராது. நான்தான் பாடினேன்."

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீதான்னு எனக்குத் தெரியாதா? தினம் வார்டுல கேக்கேன். நான் கேட்டது உண்மையை இல்லம்மா, ஒரு வார்த்தையை."

"அது வரலம்மா."

மாதக் கடைசிவரை இருக்கச் சொன்னார். வேலையைப் பற்றிக் குறை சொல்லாமல் ஒரு சர்டிபிகேட் எழுதித் தந்தார். ஒழுக்கம் என்ற இடத்தில் பேனா சற்று நின்றது. பிறகு 'நன்று' என்று எழுதினார். அந்த மாதம் முழுக்க வார்டில் அவள் பாட்டை யாரும் தடுக்கவில்லை.

நைனா முகம்மதை இறுதிவரை அவளே பார்த்துக்கொண்டாள். சைனம்பு வீட்டிலேயே ஓர் அறை ஒழித்துக்கொடுத்தாள். அடுத்த நோன்புக்கு முன் அவர் போனபோது, குளிப்பாட்டிய ஆண்கள் வெளியே வந்து, இத்தனை நாள் கிடந்தும் முதுகில் ஒரு கீறல்கூட இல்லை என்றார்கள். பத்திரிகையில் வந்ததையெல்லாம் விட அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

பிறகு சிதம்பரத்துக்குப் போனாள். வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அறை எடுத்து, வீடுகளுக்குப் போய் நோயாளி பார்க்கும் வேலையில் இறங்கினாள். அதற்குள் கண்ணாயிரம், பாடியவர் ஒரு நர்ஸ் என்று பெயரோடு எழுதிவிட்டார். அதுவும் தத்துவத்துக்குப் பொருத்தம்தான் என்று காரணமும் காட்டியிருந்தார். ஆகவே எந்த வீட்டுக்குப் போனாலும் மருந்து, சம்பளம், பத்தியம் எதற்கும் முன்னால் அந்தக் கேள்வி வரும். அந்தத் தட்டில் பாடினது நீங்கள்தானா? அவள் ஆமாம் என்பாள். சில வீடுகளில் அதைக் கேட்டதும் முகம் மாறும். காபி கொடுத்து, பிறகு சொல்லியனுப்புகிறோம் என்பார்கள். காபியைக் குடித்துவிட்டு வருவாள். சொல்லியனுப்ப மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மாலைகட்டித் தெருவில் ஒரு வீட்டிலும் அப்படித்தான். மகன் நிலைப்படியில் நின்றுகொண்டு, உள்ளே விடலாமா வேண்டாமா என்ற முகத்தோடு கேட்டான். உள்ளேயிருந்து யாரோ முனகும் சத்தம் கேட்டது.

"ஆமாம்பா, நான்தான்," என்றாள் தைலம்மாள், செருப்பைக் கழற்றியபடி. "படுத்திருக்கறவங்கள எப்பத் திருப்பிப் போட்டீங்க?"